பாட்டியோட டிஎன்ஏ ரிசல்ட் வந்துருச்சு, இதை வச்சு தாத்தா ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பால்மரத்துப்பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போயிருவேன், இன்னைக்குத்தான் முதல் தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க.

எங்க தாத்தா, அதாவது அப்பாவோட அப்பா, 1937ல 14 வயசுல அவங்க அண்ணன்கூட, தோட்டத்துக்கு ஆள் சேக்குற ஒரு கங்காணி பின்னாடி நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்குல வந்து இறங்கினவரு. ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல பால்மரம் (ரப்பர்) வெட்டுனாங்க. ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துக்கு லாரி வந்து ஆள் பிடிச்சப்ப அண்ணனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, சயாமுக்கு (இப்ப தாய்லாந்து), ரயில் பாதை போட. அவரு திரும்பி வரவே இல்ல. தாத்தா சாகுற வரைக்கும் பொழுது சாஞ்சா லயத்து வாசல்ல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பாருன்னு பாட்டி சொல்லும். தாத்தா 1994ல தவறிட்டாரு, அப்ப எனக்கு 6 வயசு. ஊர் பேரை யாரும் எழுதி வைக்கல. அப்பா "திருச்சி பக்கம்"னு மட்டும் சொல்வாரு, அவரும் 2011ல போயிட்டாரு. இப்ப இருக்கிறது பாட்டியும், கிள்ளான்ல இருக்கிற பெரியப்பாவும்தான். பெரியப்பா சுராட் பெரானாக்ல (பொறந்த சர்டிபிகேட்) தகப்பன் பேருக்கு நேரா இந்தியன், தமிழ்னு இருக்கு, அவ்ளோதான், ஊரே இல்ல.

பாட்டிக்கு 91 வயசு. அதான் இருக்கும்போதே எடுத்துரணும்னு அவசர அவசரமா ஒரு டிஎன்ஏ கிட் வாங்குனேன், எச்சில் துப்புற மாதிரி. அதுக்கு முன்னாடி அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது குடிக்கக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு, பாட்டிக்கு வாயில வெத்தலை இல்லாம இருக்கிறதே பெரும்பாடு. முதல் தடவை செவப்பாத்தான் வந்துச்சு, லேப்ல எடுக்க முடியலன்னு மெயில் வந்துச்சு. ரெண்டாவது கிட்டுக்கு காலையில எந்திரிச்சதும் பல் விளக்குறதுக்கு முன்னாடியே உக்கார வச்சு, கன்னத்தை வெளியில இருந்து மெதுவா தேச்சுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா அந்த கோடு வரைக்கும் நிரப்ப முக்கால் மணி நேரம் ஆச்சு. "இந்த எச்சிலை வச்சு என்னாத்தா கண்டுபிடிக்கப் போறே"ன்னு கேட்டுக்கிட்டே துப்புச்சு.

இப்ப ரிசல்ட் வந்துருச்சு. ஊரு எதுன்னு பாத்தா தென்னிந்தியான்னு பெருசா ஒரு வட்டம் போட்டுக் காட்டுது, அது எனக்கே தெரியுமே. சொந்தக்காரங்க லிஸ்ட்ல தூரத்து ஆளுங்க நிறைய, மேல ரெண்டு பேரு. ஒருத்தரு அமெரிக்காவுல இருக்காரு, தமிழ்ப் பேருதான், 187 செண்டிமார்கன் (டிஎன்ஏ எவ்வளவு பொருந்துதுங்கிற அளவு), ரெண்டாவது கசினா, அதாவது கொள்ளுத்தாத்தா ஒண்ணா இருக்கிற சொந்தமா இருக்கலாம்னு போட்டிருக்கு. இன்னொருத்தவங்க தென்னாப்பிரிக்கா டர்பன், 64 செண்டிமார்கன், பேரு கடைசியில மூன்சாமின்னு இருக்கு. அமெரிக்காக்காரருக்கு மெசேஜ் போட்டேன், பதில் இல்ல.

என் கேள்வி, இந்த 187 உண்மையிலயே ரெண்டாவது கசினா? இதை வச்சு தாத்தா ஊரைப் பிடிக்க முடியுமா? அவங்க அண்ணன் ஒருவேளை சயாம்ல பொழைச்சிருந்து அங்க புள்ளைங்க இருந்தா அதுல காட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வைகைக்கரை:

தங்கச்சி, முதல்ல ஒரு விஷயம், மனசு கஷ்டப்படாதீங்க. நீங்க தேடுறது தாத்தா ஊரை, டெஸ்ட் எடுத்தது பாட்டிக்கு. பாட்டி ரத்தத்துல தாத்தா கிடையாது. அந்த லிஸ்ட்ல வந்த அத்தனை பேரும் பாட்டியோட அம்மா அப்பா வழி ஆளுங்க. பாட்டிக்கு எடுத்தது வீண் இல்ல, ரொம்ப சரியான காரியம், அது ஏன்னு கீழ சொல்றேன், ஆனா தாத்தாவைத் தேட பெரியப்பா எச்சில் வேணும்.

பெரியப்பாவுக்கு பாதி பாட்டிகிட்ட இருந்து வந்தது, பாதி தாத்தாகிட்ட இருந்து வந்தது. அவருக்கும் அதே கம்பெனியில எடுத்தீங்கன்னா அவரு லிஸ்ட்ல இருக்கிற ஆளு பாட்டி லிஸ்ட்லயும் இருந்தா அது பாட்டி பக்கம், பாட்டி லிஸ்ட்ல இல்லாம பெரியப்பாகிட்ட மட்டும் இருந்தா அது தாத்தா பக்கம். தாத்தா போயி முப்பது வருஷம் ஆனாலும் இப்படிக் கழிச்சுப் பாத்து அவரோட பாதியைத் தனியா எடுத்துறலாம். இதுக்குத்தான் பாட்டி இருக்கும்போதே எடுத்தது பெரிய விஷயம்னு சொன்னேன்.

இன்னொண்ணு ஒய் குரோமோசோம். அது அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும்தான் போகும், அதனால பெரியப்பாகிட்ட இருக்கிறது அப்படியே தாத்தாவோடது, அவங்க அண்ணனோடதும் அதுதான். நம்ம கணக்குல சொன்னா பங்காளி வழி. குலதெய்வம் எந்த வழியில இறங்குதோ அதே வழியிலதான் ஒய்யும் இறங்குது, நடுவுல யாரையாச்சும் சுவீகாரம் எடுத்திருந்தாலோ, பெத்த தகப்பன் வேற ஆளா இருந்தாலோ மாறும். ஆனா ஒய் டெஸ்ட் எடுத்த தமிழ் ஆளுங்க ரொம்ப கம்மி, அதுல முதல் நாளே பங்காளி கிடைப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின கிளையைத்தான் காட்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் பிச்சப்பன் குழு இதே ஒய்யைத்தான் பாத்தாங்க, எங்க ஊருக்குப் பக்கத்துல ஜோதிமாணிக்கத்துல ஒருத்தர்கிட்ட எம்130ங்கிற அடையாளம் இருந்துச்சு, ஆப்பிரிக்காவுல இருந்து கரையோரமா ஆஸ்திரேலியா வரைக்கும் நடந்த ஆதி கூட்டத்தோட தடம் அது. கேக்கவே மெய் சிலிர்க்கும், ஆனா அது உங்க தாத்தா வீடு எந்தத் தெருன்னு சொல்லாது.

இப்ப 187க்கு வர்றேன். பொதுவா ரெண்டாவது கசின்னா சராசரி 230 செண்டிமார்கன் வரும், மூணாவது கசின்னா 70 சொச்சம், அதுலயும் மூணாவது கசின்கள்ல பத்துல ஒருத்தர்கிட்ட ஒண்ணுமே பொருந்தாமக்கூட இருக்கலாம். இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க டேட்டாவை வச்சுப் போட்டது. நம்மள்ல அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகளைத் தாய்மாமனே கட்டுறதுன்னு தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளேயே கட்டியிருக்கோம். அதனால ஒரே மூதாதை ரெண்டு மூணு வழியில நமக்குள்ள வந்துருவாரு, நம்பர் ஊதிப் பெருசாத் தெரியும். 187னு இருக்கிறவரு நிஜத்துல நாலாவது அஞ்சாவது சுற்று சொந்தமா இருக்கலாம். மொத்தத்தைப் பாக்காதீங்க, பொருந்துற டிஎன்ஏ துண்டுகள்ல நீளமான துண்டு எவ்வளவுன்னு பாருங்க. ஒரே துண்டு 40, 50னு இருந்தா கிட்டத்து சொந்தம், நம்பிக்கையா பின்தொடரலாம். எல்லாம் 8, 9, 10னு பொடிப்பொடியா இருந்தா அது பழைய சொந்தம் பலவழியில சேர்ந்தது.

இது நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2013ல வந்த ஆய்வுல, இந்தியாவுல கூட்டங்கள் கலந்தது சுமார் 4200 வருஷத்துல இருந்து 1900 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும்தான், அப்புறம் அவங்கவங்க உள்ளேயே கட்ட ஆரம்பிச்சிட்டாங்கன்னு மரபணுவை வச்சே சொல்லியிருக்காங்க. அந்த அடைப்புதான் இன்னைக்கு உங்க பாட்டி லிஸ்ட்ல நம்பரா நிக்குது.

சயாம் போன பெரிய தாத்தா விஷயம்... கல்யாணம் ஆகாம அங்கேயே இறந்திருந்தா டிஎன்ஏ அவரைக் காட்டாது, அவரு வம்சத்துல ஒருத்தர் உயிரோட இருந்து டெஸ்ட் எடுத்திருந்தாத்தான் தெரியும். எடுத்திருந்தா அவரு பேரன் பேத்தி பெரியப்பாவுக்கு சித்தப்பா பெரியப்பா புள்ளைங்களோட புள்ளைங்க முறை, நானூறு செண்டிமார்கன் வாக்குல கண்டிப்பா மேல வந்து நிக்கும். அதுக்கும் பெரியப்பாதான் எடுக்கணும்.


பெரம்பலூரான்:

அண்ணன் டிஎன்ஏ எல்லாம் தெளிவா சொல்லிட்டாரு, எனக்கு அது தெரியாது, ஆனா ஒண்ணு கேக்குறேன்மா. குலதெய்வம் எது? பாட்டி கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து தாத்தா குலதெய்வத்தைத்தானே கும்பிட்டிருக்கும். பேரு மறந்திருந்தாலும் எப்படிக் கும்பிடும், என்னைக்குக் கும்பிடும், என்ன படைக்கும்னு கேளுங்க. சாமி பேரு மாறிடும், படையல் மாறாது.


பால்மரத்துப்பேத்தி:

வைகைக்கரை அண்ணே, படிச்சதும் ரெண்டு நாள் மனசே சரியில்ல, பாட்டிக்கு எடுத்தா எல்லாம் வந்துரும்னு நெனச்சிட்டேன். துண்டு பாத்தேன், அமெரிக்காக்காரர்கூட நீளமான துண்டே 13தான், 17 துண்டு இருக்கு. டர்பன் ஆளுகூட மூணே துண்டு, அதுல ஒண்ணு 38.

பெரம்பலூரான் அண்ணே, பாட்டிகிட்ட கேட்டேன். பேரு கேட்டா "அம்மா"ன்னு மட்டும்தான் சொல்லுது, "நம்ம அம்மா, காளி" அப்படின்னு. ஆனா எங்க வீட்ல திங்கக்கிழமை, வெள்ளிக்கிழமை கவிச்சி சமைக்கவே மாட்டாங்க, மத்த வீட்ல எல்லாம் செவ்வா வெள்ளிதான், எங்க வீட்ல மட்டும் ஏன் திங்கள்னு எனக்கு சின்ன வயசுல இருந்து கேள்வி. கேட்டதுக்கு பாட்டி சொல்லுது, "உன் தாத்தா சொன்னாரு, அவ திங்களும் வெள்ளியும்தான் கதவைத் தொறப்பா, மத்த நாளு மலைக்குப் போயிருவா"ன்னு. மாவிளக்குக்கு கடை மாவு வாங்கவே விடாது, அரிசியை ஊறவச்சு உரல்ல இடிக்கணும், இடிக்கிறப்ப யாரும் பேசக்கூடாது.


பெரம்பலூரான்:

அம்மா தாயே. இது சிறுவாச்சூர் மதுர காளியம்மன்மா. பெரம்பலூர்ல இருந்து தெக்க திருச்சி ரோட்ல 8 கிலோமீட்டர். அந்தக் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் தொறக்கும், மத்த நாள்ல அம்மன் பெரியசாமி மலையில இருக்கிறதா ஐதீகம். அங்க வர்றவங்க கோயில்லயே அரிசியை ஊறப்போட்டு இடிச்சு மாவிளக்கு போடுவாங்க, திங்கக்கிழமை காலையில போனா அந்த இடிக்கிற சத்தம் கேக்கும். நான் மாசம் ஒரு தடவை போறவன், நீங்க எழுதினதைப் படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

ஆனா அவசரப்படாதீங்க, இந்த அம்மன் நிறைய குடும்பத்துக்கு, நிறைய சாதிக்குக் குலதெய்வம், வெளியூருக்குப் போய் எத்தனையோ தலைமுறை ஆனவங்களும் வருவாங்க. அதனால ஊரு சிறுவாச்சூர்தான்னு சொல்ல முடியாது, அந்த வட்டாரமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லலாம். பெரம்பலூர் 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம்தான், உங்க அப்பா திருச்சி பக்கம்னு சொன்னது பொருந்துது.

வீட்ல பழைய மணியார்டர் ரசீது, ஏர்மெயில் கவர், பழைய பாஸ்போர்ட் எதாச்சும் இருக்கா பாருங்க. தாத்தா ஒரு தடவையாச்சும் பணம் அனுப்பியிருப்பாரு. அதுல தபாலாபீஸ் பேரு இருந்தா போதும், மிச்சத்தை நான் பைக்ல போய் விசாரிச்சுச் சொல்றேன்.


வைகைக்கரை:

பெரம்பலூரான் அண்ணே, கும்பிடுறேன் உங்களை.

தங்கச்சி, அப்ப அமெரிக்காவை விடுங்க, டர்பனைப் பிடிங்க. 64தான்னு ஒதுக்காதீங்க, 38ல ஒரு துண்டு இருக்குன்னா அது உருப்படியான சொந்தம். அதைவிட முக்கியம், அவங்ககிட்ட காகிதம் இருக்கும். மலாயாவுக்குக் கங்காணி கூட்டிட்டு வந்த ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தரா எழுதின முழு ரிஜிஸ்டரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, ஆனா நேட்டாலுக்கு (டர்பன் இருக்கிற பகுதி) ஒப்பந்தக் கூலியாப் போனவங்களுக்கு எல்லாம் இருக்கு. 1860 நவம்பர்ல ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் போய்ச் சேந்துச்சு, அதுல இருந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆளுங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். பேரு, தகப்பன் பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்கான் வெள்ளைக்காரன். மூன்சாமின்னா வேற யாருமில்ல, நம்ம முனுசாமிதான், முதல்ல போன ஆளோட சொந்தப் பேரே அங்க பரம்பரைப் பேரா நின்னுருச்சு. அந்த வீட்ல யாராச்சும் அந்த நம்பரை வச்சிருக்க வாய்ப்பு ரொம்ப இருக்கு, தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகள்ல அதைத் தேடி எடுத்து வச்சிருக்கிறவங்க நிறைய.

அது பாட்டி வழிதான், தாத்தா வழி இல்ல, ஞாபகம் வச்சுக்குங்க. ஆனா கங்காணி யாரைக் கூட்டிட்டு வருவான், தன் ஊர் ஆளு, தன் சொந்தக்காரன், பக்கத்து ஊர்க்காரன். பாட்டி குடும்பமும் தாத்தாவும் ஒரே கங்காணி ஆளுங்களா இருந்தா ரெண்டு ஊரும் கிட்டக்கிட்டத்தான் இருக்கும்.


ஸ்கார்பரோ அக்கா:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். நீங்கள் அந்த டர்பன் ஆளுக்கு எழுத முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

நான் 2019இல டெஸ்ட் செய்தனான். பிரான்சில இருக்கிற ஒரு பொம்பிளையோட 870 செண்டிமார்கன் பொருந்தினது. சண்டையில சிதறிப்போன ஆரோ மச்சாள் முறையான ஆள் எண்டு எனக்கு ஒரே சந்தோசம், அண்டைக்கு இரவே நித்திரை கொள்ளாமல் நீளமா எழுதிப்போட்டன், எங்கட அப்பப்பாவின்ர பேர், ஊர், படம் எல்லாம் போட்டு, நீங்கள் எங்கட ஆள்தான் எண்டு. 870 எண்டால் மச்சாளாவும் இருக்கலாம், அப்பாவுக்குத் தகப்பன் ஒண்டு, தாய் வேறயான தங்கச்சியாவும் இருக்கலாம், நம்பர் ரெண்டுக்கும் ஒண்டுதான், எனக்கு அது விளங்கேல்லை. அவ என்ர அப்பப்பாவுக்குப் பிறந்தவ. தன்னை வளர்த்தவர்தான் தன்ர தகப்பன் எண்டு அறுபது வயசு மட்டும் நம்பியிருந்தவவுக்கு நான்தான் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் குடுத்தனான், முன்பின் தெரியாத ஒரு ஆள், ஒரு மெசேஜில. அவ உடன எல்லாத்தையும் மூடிப்போட்டா. மூண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு வரி எழுதினவ, "அம்மாவைப் பற்றிப் பிழையா நினைக்காதேங்கோ" எண்டு. நான் அதை வாசிச்சு அழுதது எனக்குத்தான் தெரியும்.

அதனால முதல் மெசேஜ் கட்டையா எழுதுங்கோ. நாங்கள் ஆர், ஏன் தேடுறம், விருப்பம் எண்டால் மட்டும் கதைக்கலாம், அவ்வளவுதான். படம், மரம், முறை ஒண்டும் அனுப்பாதேங்கோ. பெரியப்பாவிட்டையும் கிட்டைக் குடுக்க முதல், என்ன வந்தாலும் கேக்க விருப்பமா எண்டு ஒருக்கா கேளுங்கோ. வேண்டாம் எண்டால் விட்டிடுங்கோ.


உப்புக்காத்து:

அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. இது ஒருத்தரோட டேட்டா இல்ல, பெரியப்பா குடுத்தா அவரு புள்ளைங்க, நீங்க, இனி பொறக்கப்போற குழந்தைங்க எல்லாரோடதும் ஒரு பங்கு வெளிய போகுது. 23அண்ட்மீங்கிற டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனியில 2023ல சுமார் 69 லட்சம் பேரோட விவரம் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்ல கம்பெனியே திவால் மனு போட்டுச்சு, எச்சில் குடுத்தவங்க டேட்டா ஏலத்துக்கு வந்துச்சு, கடைசியில பழைய நிறுவனரே ஒரு அறக்கட்டளை மூலமா வாங்குனாங்க. எடுக்க வேணாம்னு சொல்லல. ரா டேட்டாவை (டெஸ்ட்ல வந்த மூல விவரம்) டவுன்லோட் பண்ணி உங்ககிட்ட வச்சுக்குங்க, எச்சில் சாம்பிளை அழிச்சிருங்கன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் போடுங்க, ஆராய்ச்சிக்குக் குடுக்குறேன்னு இருக்கிற டிக்கை யோசிச்சுப் போடுங்க. பேருக்குப் பதிலா எழுத்து மட்டும் குடுக்கலாம்.


பால்மரத்துப்பேத்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு மாசம் கழிச்சு வர்றேன், சொல்ல நிறைய இருக்கு.

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு முதல்ல எழுதி வச்சிருந்த மெசேஜை அப்படியே அழிச்சிட்டு நாலே வரியில டர்பனுக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழிச்சு பதில் வந்துச்சு. எழுதினவங்க ரிட்டயர்டு டீச்சர், தமிழ் பேச வராது, ஆனா தைப்பூசக் காவடி பத்தி ஒரு பத்தி எழுதியிருந்தாங்க. வைகைக்கரை அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே அவங்ககிட்ட அந்த நம்பரும் கப்பல் லிஸ்ட்டோட காப்பியும் இருந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அவங்க பாட்டனுக்குப் பாட்டன் முனுசாமி, 22 வயசு, இடது முழங்கால்ல தழும்பு, ஜில்லா தென் ஆற்காடு, தாலுகா விருத்தாசலம். கிராமத்துப் பேரை வெள்ளைக்காரன் எழுதின எழுத்துல படிக்கவே முடியல, கடைசியில "குப்பம்"னு மட்டும் புரியுது.

திருச்சி இல்லையேன்னு எனக்கு முதல்ல ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. சும்மா பாட்டி பக்கத்துல உக்காந்து, பாட்டி, உங்க ஆளுங்க ஊரு விருத்தாசலம் பக்கமாமேன்னு சொன்னேன். பாட்டி வெத்தலை இடிச்சிக்கிட்டு இருந்துச்சு, கை நின்னுருச்சு. "மணிமுத்தாறு"ன்னுச்சு. என்னான்னு கேட்டா, சின்ன வயசுல மழையில நனைஞ்சு லயத்துக்கு ஓடியாந்தா அவங்கம்மா துண்டை எடுத்து தலையைத் துவட்டிக்கிட்டே "என்னடி மணிமுத்தாத்துல முங்கிட்டு வந்தியா"ன்னு கேக்குமாம். அது ஒரு ஆறுன்னே பாட்டிக்குத் தெரியாது, ஏதோ திட்டுற வார்த்தைன்னு நெனச்சிருக்கு இத்தனை வருஷமா. நான் மேப்பை எடுத்து விருத்தாசலத்தை ஒட்டி ஓடுற மணிமுத்தாத்தைக் காட்டுனேன். விரலை வச்சு அந்தக் கோட்டைத் தடவிப் பாத்துச்சு, அப்புறம் போனைத் திரும்பக் குடுக்கவே இல்ல, ஸ்கிரீன் அணைஞ்சா தட்டித் தட்டிக் குடுக்கச் சொல்லுச்சு.

பாட்டி அப்பாவும் தாத்தாவும் ஒரே கங்காணி ஆளுங்கதானாம், அதையும் கேட்டேன். விருத்தாசலத்துல இருந்து பெரம்பலூர் ரொம்ப தூரம் இல்லைன்னு மேப்ல பாத்தேன்.

பெரியப்பாகிட்ட அக்கா சொன்ன மாதிரி எல்லாத்தையும் சொல்லி, வேண்டாத விஷயம் வந்தாலும் வரலாம், சரியான்னு கேட்டேன். அவரு ரொம்ப நேரம் பேசல. "என் பெரியப்பனுக்கு ஒரு புள்ளை இருக்குன்னு வந்தா அதைவிட வேண்டியது எனக்கு என்ன இருக்கு"ன்னாரு. இந்தத் தடவை கன்னத்துல பஞ்சு தேய்க்கிற கிட்டும் ஒண்ணு வாங்கியிருக்கேன், பாட்டிக்கும் அதுலயே இன்னொரு தடவை எடுத்துட்டா ரெண்டையும் ஒரே இடத்துல வச்சுக் கழிச்சுப் பாக்கலாம். சனிக்கிழமை கிள்ளான் போறேன். உப்புக்காத்து அண்ணே, டிக் எல்லாம் எடுத்துட்டேன், பேருக்கு ரெண்டு எழுத்துதான் போட்டிருக்கேன்.

பெரம்பலூரான் அண்ணே, மணியார்டர் ரசீது ஒண்ணு கிடைச்சிருக்கு, தாத்தாவோட பழைய டிரங்குப் பெட்டி அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. 1958ன்னு இருக்கு, பணம் யாருக்குங்கிற இடத்துல கரையான் அரிச்சிருச்சு, தபால் முத்திரையில "...லூர்"னு பாதி தெரியுது. போட்டோ எடுத்து தனி மெசேஜ்ல அனுப்பியிருக்கேன், நிதானமா பாருங்க. அடுத்த தை மாசம் பெரியப்பாவைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம், வெள்ளிக்கிழமையாப் பாத்து டிக்கெட் போடுறேன். மாவிளக்குக்கு உரலு உலக்கை கோயில்லயே இருக்குமா, அரிசியை நாங்க முதல்நாளே ஊறவச்சு எடுத்துட்டு வரணுமா?